பஞ்சாங்கம் பார்க்கும் சுவர்

இருபத்தேழு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்தியவள் நான். வெப்பம் அழியாது, இடம்தான் மாறும் என்பதை ஐயாயிரம் பேர் தலையிலாவது ஏற்றியிருப்பேன். அவர்களில் ஒருவராவது வாழ்க்கையில் அதைப் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஏசி பங்குனிக் கடைசியில் செத்துப்போனது. வேலூரில் அன்றைக்கு நாற்பத்தெட்டு டிகிரி. ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு வீட்டுச் சூட்டையெல்லாம் தெருவில் துப்பும் பெட்டிகளை இரண்டு வருடத்துக்கு முன்பே தடை செய்துவிட்டார்கள். எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து துப்பியதில் தெருவில் நடந்தவர்கள் சுருண்டு விழ ஆரம்பித்திருந்தார்கள். பழையவை சாகும்வரை ஓடலாம், புதிதாக மாட்டக் கூடாது என்று சட்டம். எங்களுடையது செத்துவிட்டதால் நாங்களும் தள்ளிக்கு மாற வேண்டியதாயிற்று.

தள்ளி என்பது ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயரை யாரும் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததில்லை. வீட்டுச் சூட்டைக் குழாய் வழியாகப் பூமிக்கடியில் வேறெங்கோ தள்ளிவிடும், அவ்வளவுதான். எனக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. மகள் நறுமுகைக்கு ஆறாம் மாதம். மாப்பிள்ளை பஹ்ரைனில் இருக்கிறார். அவள் சத்துவாச்சாரியில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டு இங்கே காட்பாடிக்குக் கூட்டிவர வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியை இந்த வீட்டில் வேகவைக்க முடியாது.

கான்ட்ராக்டர்களை வரச் சொன்னேன். முதலில் வந்தவன் டை கட்டியிருந்தான். அந்த வெயிலில் டை கட்டுகிறவன் மூளையை எப்படி நம்புவது? இரண்டாமவர் வீட்டை அளக்காமலே எத்தனை டன் வேண்டும் என்று சொல்லிவிட்டார். "அளக்கலையே" என்றேன். "ஆளப் பாத்தாலே தெரியும்மா" என்றார். எந்த ஆளை என்று நான் கேட்பதற்குள் என் கணவர் அவரை அனுப்பிவிட்டார். அவர் வந்தது ராகு காலத்தில்.

என் கணவர் பசுபதி கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை ராகு காலத்தில் ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. எங்கள் கல்யாணத்தன்று மறுவீட்டுக்குக் கிளம்பிய காரை மண்டப வாசலிலேயே ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்த மனிதர். நான் பட்டுப்புடவையில் உள்ளேயே வெந்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக வந்தவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான்.

"டீச்சர், நான் துளசிங்கம். கடைசி பெஞ்ச். லேப்ல வெப்பமானிய ஒடச்சவன்."

"ரெண்டு வெப்பமானி" என்றேன்.

அவன்தான் முறையாக வேலை செய்தான். ஜன்னல்களை அளந்தான், எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று பார்த்தான், யார் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருப்போம் என்று கேட்டு எழுதிக்கொண்டான். காபி கொடுத்துவிட்டு, ஆசிரியைப் புத்தி போகாமல் கேட்டேன்.

"இந்தச் சூடெல்லாம் எங்க போகுது?"

"ஏற்பு வீட்டுக்கு டீச்சர். பழைய காலத்து வீட்ல ரெண்டடி கனத்துல சுவர் இருக்கும் பாருங்க, அதுக்குள்ள நம்ம குழாய் போவும். சுவர் சூட்ட வாங்கி ரூம் பக்கமா விட்டுரும், அனுப்பறத நிறுத்தினா கால் மணியில ஆறிடும். ஒரு தள்ளிக்கு ஒரு சுவர்."

"பாலாத்துல விடறதுதானே? சும்மாதானே கெடக்கு."

"விட்டாங்க. எல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டுனதுல கரையோரம் போர்ல வெந்நீர் வர ஆரம்பிச்சுது. அதான் ஊர் முழுக்க ஆளுக்குக் கொஞ்சம்னு பிரிச்சுட்டாங்க."

"அந்த வீட்டுக்காரங்க எப்படி ஒத்துக்கறாங்க?"

"தண்ணி டீச்சர். ஏற்பு வீட்டுக் குழாய்ல நாள் முழுக்கத் தண்ணி வரும். வேலூர்ல வேற யாருக்கு வருது?"

"நம்ம சூடு யார் வீட்டுக்குப் போகும்?"

"அது சொல்லக் கூடாது. மொதல்ல பேரெல்லாம் குடுத்துட்டுதான் இருந்தாங்க. வாங்கறவன் அனுப்பறவன் வீட்டு வாசல்ல வந்து நின்னு, தள்ளியக் கொறைங்க, எங்க வீட்ல கொழந்த அழுவுதுன்னு சண்ட. ஒரு ஆளுக்கு மண்ட ஒடஞ்சுது. இப்ப நம்பர் மட்டுந்தான். உங்க சுவர் நானூத்திப் பதினேழு."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளப் பெரிய ஆசையும் இல்லை. நானூற்றுப் பதினேழு ஓர் எண். எண்ணுக்கு வியர்க்காது.

மூன்று நாள் வேலை ஐந்து நாள் ஆனது. தினமும் ராகு காலம் வந்ததும் இவர் டிரில்லிங் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். துளசிங்கத்தின் ஆட்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் ஹாலில் படுத்துத் தூங்கினார்கள். ஐந்தாம் நாள் நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, தள்ளியை ஓடவிட்டோம். வீடு குளிர்ந்தது. சத்தம் இல்லை, தெருவில் அனல் இல்லை. நான் போர்வை போர்த்திக்கொண்டு மத்தியானம் தூங்கினேன், எந்த வெட்கமும் இல்லாமல்.

சந்தோஷம் இரண்டு நாள்தான் நீடித்தது. மூன்றாம் நாள் புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்குத் தள்ளி நின்றது. நிறுத்தியவர் இவர்.

"ராகு காலத்துல வீட்டுலேர்ந்து எதையும் வெளிய குடுக்கக் கூடாது" என்றார்.

"நாம எதைக் குடுக்கறோம்?"

"சூடு. வீட்டுலேர்ந்து வெளிய போகுதா இல்லையா? நீதானே சொன்ன, அது அழியாது, எடம் மாறும்னு."

நான் சொல்லிக்கொடுத்த பௌதிகத்தை வாழ்க்கையில் பயன்படுத்திய முதல் ஆள் என் கணவர்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதன்பின் செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை, புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று என்று கிழமை தவறாமல் தள்ளி நின்றது. அந்த நேரங்களில் நான் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரைத் திட்டுவேன். அவர் விசிறிக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தியம்மா வேதவல்லி வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். சத்துவாச்சாரியில் அவருடையது மாமனார் காலத்துப் பெரிய வீடு. அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் ஹால் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "ஒத்தைக் கல்லா?" என்று, சுவர் மெலிசு என்பதைக் குத்திக் கேட்டவர். அதை நான் மறக்கவில்லை.

குளிர்ந்த ஹாலில் உட்கார்ந்து மோரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதோட சூடு எங்க சம்பந்தி போகுது?"

"யாரோ தண்ணிக்கு ஆலாப் பறக்கிறவங்க வீட்டுச் சுவத்துக்கு" என்றேன். ஒற்றைக் கல்லுக்குப் பதில் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. "நாம என்ன பண்றது, அவங்களா கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாங்க."

மோரைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவிவைத்தார். நம் வீட்டுக் குளிர்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு நறுமுகை போன் செய்தாள். தள்ளி நின்றிருந்தது. நான் வழக்கம்போல ஈரத்துண்டோடு இருந்தேன்.

"அம்மா, ஒரு கூத்து சொல்றேன் கேளு. என் ரூம் சுவர் பஞ்சாங்கம் பாக்குது."

"என்னடி உளர்ற?"

"நெஜமா. கொஞ்ச நாளா இந்தச் சுவத்துல கை வெக்க முடியல, அவ்ளோ சூடு. கேட்டா அத்தை மேக்கு வெயில்னு சொல்றாங்க. இது கெழக்குச் சுவரும்மா. ஆனா தினம் ஒன்றரை மணி நேரம் குளுந்துடுது. செவ்வாக்கெழம மூணுலேர்ந்து நாலரை. நேத்து பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை. நான் காலண்டரைப் பாத்தேன். ராகு காலம்மா. கரெக்டா ராகு காலம். இப்பக்கூட சுவத்துல சாஞ்சுக்கிட்டுதான் பேசறேன்."

நான் துண்டை எடுத்துக் கீழே வைத்தேன்.

"அத்தைகிட்ட சொன்னேன். கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இப்ப தினமும் இந்த நேரத்துல சுவத்துக்குக் குங்குமம் வெக்கிறாங்க." அவள் சிரித்தாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "நேத்து ஸ்கேன் எடுத்தேன்மா. பனிக்குடத்துத் தண்ணி கொறைச்சலா இருக்காம். நெறைய தண்ணி குடிக்கணும், சூட்டுல இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. மாடி ரூமுக்குப் போலாம்னா படி ஏறக் கூடாதுங்கறாங்க."

"தண்ணி வருதா அங்க?" என்று கேட்டேன்.

"அது மட்டும் நல்லா வருதும்மா. நாள் முழுக்க வருது."

போனை வைத்தேன். வேலூரில் எத்தனையோ ஆயிரம் தள்ளிகள் ஓடுகின்றன. ராகு காலம் பார்த்துத் தள்ளியை நிறுத்தும் பைத்தியம் இந்த ஊரில் ஒன்றுதான் இருக்க முடியும், அது என் வீட்டு ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். மூன்று மணிக்கு இவர் தள்ளியை ஓடவிட்டார். ஐந்து மணிக்கு, எந்தக் காலமும் இல்லாத நேரத்தில், நான் அதை நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஐந்து இருபதுக்குப் போன் வந்தது.

"அம்மா, சுவர் கணக்கை விட்டுடுச்சு. இன்னிக்கு வியாழக்கெழமதானே? இப்ப எதுக்குக் குளுருது?"

இவரிடம் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பேப்பரை நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

"நல்ல நேரம் பாத்து, சூடம் காட்டி, என் புள்ளையச் சுட்டிருக்கேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குத் திட்ட வரவில்லை.

துளசிங்கம் அரை மணி நேரத்தில் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நம்பர் மட்டுந்தானே சொன்னேன். வீட்ட எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அதை விடு. எங்க லைனை வேற சுவத்துக்கு மாத்திக் குடு."

"பத்து நிமிஷ வேல டீச்சர். ஐநூத்தி அஞ்சு காலியா இருக்கு." பையைத் திறந்துகொண்டே கேட்டான். "அந்த வீட்டுலயும் யாராவது பொண்ணு இருக்கலாம். பரவால்லையா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஸ்க்ரூ எத்தனை இஞ்ச் என்று கேட்பது மாதிரிதான் கேட்டான். ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டே தொடர்ந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. எல்லா வீட்லயும் இதான் நடக்குது. யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரியாத வரைக்கும் நல்லாத்தான் குளுரும்."

இவனைத்தான் நான் வருடம் முழுக்க பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்திருந்தேன். இப்போது ஏறி நிற்க வேண்டியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரோ தண்ணிக்கு ஆலாப் பறக்கிறவங்க என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. டம்ளரைக் கழுவிவைத்த அந்தக் கை ஞாபகம் வந்தது.

"லைனை வெட்டிட்டா?" என்று இவர் கேட்டார்.

"வெட்டுனா ஒரே வாரத்துல நானூத்திப் பதினேழ வேற யாருக்காவது குடுத்துருவாங்க சார். சுவர் திரும்பச் சுடும். அவங்க ராகு காலம்லாம் பாப்பாங்களான்னு தெரியாது."

"வெட்டாம, எதையும் அனுப்பாம இருந்தா?" என்றார் இவர்.

துளசிங்கம் கொஞ்சம் யோசித்தான். "சுவர் உங்க பேர்லயே இருக்கும். அவங்களுக்குத் தண்ணியும் வந்துக்கிட்டே இருக்கும். அனுப்பலன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அப்படி ஒருத்தரும் பண்ணதில்ல, அதனால ரூல் போடல. ஆனா பாப்பா இங்க வந்தா ரூம் குளுரணுமே. அந்தச் சூட்ட எங்க விடறது?"

"அடுப்படிச் சுவத்துல விடு" என்றார் இவர்.

"உங்களுது ஒத்தைக் கல்லு சார். அடுப்படி சூளையாயிடும்."

"ஆகட்டும்."

அந்தச் சூளையில் சமைக்கப்போவது யார் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "இனிமே நான் சமைக்கிறேன்" என்றார். அதுவரை அந்த மனிதர் அடுப்படிக்குள் நுழைந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான்.

"மத்த ரூமெல்லாம்?" என்று துளசிங்கம் கேட்டான்.

"பாப்பா ரூம் மட்டும் போதும்" என்றேன் நான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தே முக்காலுக்கு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தார். நான் காலண்டரைப் பார்த்தேன், பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

"ராகு காலம்" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். போய், ஆஸ்பத்திரி எங்களுக்குத்தான் பக்கம், அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாவிடம் ஏதோ சொல்லி, பதினொன்றரைக்கெல்லாம் மகளைக் கூட்டிவந்துவிட்டார். அந்தம்மா மறுபேச்சுப் பேசவில்லையாம். முந்தின நாளே துணியெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாராம்.

நறுமுகையின் அறை குளிர்ந்தது. அடுப்படி துளசிங்கம் சொன்னபடியே ஆனது. உப்பு ஜாடியைத் தொட்டால் சுட்டது. இவர் பனியனோடு நின்று ரசம் வைத்தார். முதல் வாரம் அது ரசம் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் பரவாயில்லை. ராகு காலத்தில் தள்ளியை நிறுத்துவதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "வீட்டை விட்டு ஒண்ணும் வெளிய போகலையே. உள்ளயேதானே சுத்துது" என்றார். அவருடைய தர்க்கத்தில் எப்போதும் குறை சொல்ல முடியாது, அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். அடுத்த ஸ்கேனில் தண்ணீர் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன். நறுமுகைக்குக் காரணம் புரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அதற்கு நாலு நாள் கழித்து வேதவல்லி மருமகளைப் பார்க்க வந்தார். கை நிறைய அதிரசமும் சீடையும். நறுமுகை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அறையின் குளிர்ச்சியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, நேரே அடுப்படிக்கு வந்தார். அங்கே இவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம்.

"என்ன சம்பந்தி, அடுப்படி இப்படிக் கொதிக்குது?"

"மேக்கு வெயில்" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அது அவருடைய பொய். அதைத்தான் நான் திருப்பிச் சொல்லியிருந்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் இத்தன நாளு வாயத் தொறக்கல. எங்க வீடு ஏற்பு வீடு. கெணறு வத்திப்போச்சு. மருமக மாசமா இருக்கா, கொடத்தத் தூக்கிக்கிட்டு லாரி பின்னாடி என்னால ஓட முடியல. தண்ணி வந்தாப் போதும்னு கையெழுத்துப் போட்டேன். அவ ரூம் சுவத்ததான் எடுத்துக்குவாங்கன்னு அப்ப தெரியாது."

நான் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அது ஏற்கனவே ஆறியிருந்தது. "அன்னிக்கு நான் பேசினது" என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. நானும் உங்க சுவத்தத் தட்டிப் பாத்தவதானே." டம்ளரை வாங்கிக்கொண்டார். "சொல்ல வந்தது வேற. அந்தச் சுவத்துக்கு அனுப்பிக்கிட்டிருந்தவங்க நல்ல மனுசங்க. யாருன்னு தெரியாது. தினம் ராகு காலத்துல நிறுத்திடுவாங்க. இந்தப் புள்ள அப்பதான் கொஞ்சம் முதுகச் சாச்சுக்கும். ரெண்டு வாரமா சுவர் சுத்தமாக் குளுந்து கெடக்கு. லைனும் இருக்கு, தண்ணியும் வருது, சூடு மட்டும் வரல."

"அதுக்கு என்ன?" என்று இவர் கேட்டார். கத்தி கையிலேயே நின்றிருந்தது.

"என்னண்ணா, தெரியலையா? பாவம், போய்ச் சேந்துட்டாங்க. வயசானவங்களா இருக்கும், இந்தக் காலத்துல வேற யாரு ராகு காலம் பாக்கறா? மனசு கேக்கல. நேத்து கோயில்ல அவங்களுக்கு ஒரு மோட்ச தீபம் ஏத்திட்டு வந்தேன். குருக்கள் பேர் கேட்டாரு. தெரியாதுன்னேன். எந்தப் புண்ணியவான்களோ, நல்ல எடத்துக்குப் போகட்டும்னு ஏத்துங்கன்னு சொன்னேன்."

அடுப்பில் ரசம் கொதித்தது. இவர் தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தார், ஆனால் வெகுநேரம் துடைத்தார்.

"அவங்க நல்லா இருப்பாங்கம்மா" என்றார்.

செத்துப்போனவர்களைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை என்று அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.